வெறுந்தாளின் கசப்பு

ஈ எண்ணுவதில் நான் பொய் சொன்னதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால் வகுப்பில் எனக்குக் கிடைத்தது கெட்ட பெயர்தான்.

இரண்டாம் ஆண்டு மரபியல் செய்முறையில் இரண்டு பேருக்கு ஒரு பாட்டில் பழ ஈ கொடுப்பார்கள். சோளக் கஞ்சியும் கனிந்த வாழைப்பழமும் போட்டு வளர்த்து, பேரன் பேத்தித் தலைமுறையில் சிவப்புக் கண் எத்தனை, பழுப்புக் கண் எத்தனை என்று எண்ண வேண்டும். மூன்றுக்கு ஒன்று வரும் என்கிறது புத்தகம். எங்கள் கல்லூரி இருக்கும் எல்டோரெட்டில் வாரத்துக்கு இரண்டு நாளாவது கரண்ட் போகும். ஈ பாட்டில்களைக் கதகதப்பாக வைக்கும் சூட்டுப்பெட்டி அணைந்தால் இந்த மலைக்குளிரில் பாதி ஈ செத்துவிடும். அப்படியும் வகுப்பில் எல்லார் நோட்டிலும் மூன்றுக்கு ஒன்று அச்சடித்தது போல வந்திருந்தது. என் நோட்டில் மட்டும் அறுபத்தொன்றுக்கு முப்பத்து நான்கு.

"மூணுக்கு ஒண்ணுன்னு எழுதினா கை கழண்டா விழுந்துடும்?" என்றாள் நெகேசா. என் ஜோடி அவள்தான். புங்கோமாக்காரி, வாய் நீளம்.

"எண்ணினதைத்தானே எழுத முடியும்?"

"வாங்க உத்தமரே. உங்களோட சேர்ந்த பாவத்துக்கு எனக்கும் பத்துக்கு ஆறு."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அப்போதும் நின்றது. ஆனால் அவள் சொன்னது உண்மை. அவளுக்கும் ஆறுதான் கிடைத்தது.

அடுத்த செய்முறைக்கு ஈ வேண்டாம், குடும்பம் போதும் என்றார் டாக்டர் ஸுஹுரா. எங்கள் மரபியல் ஆசிரியை. லாமு தீவுக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடவும் மாட்டார். ஆளுக்கு ஒரு உறை கொடுத்தார். உள்ளே விரல் அகலத்தில் காகிதத் துண்டுகள். பாதி வெறும் வெள்ளைத் தாள். மீதி, நுனியில் நீல மை தொட்டது. அதில் மருந்து ஊறியிருக்கும். நாக்கில் வைத்தால் சிலருக்குக் கசந்து தள்ளும், சிலருக்கு ஒன்றுமே தெரியாது. பிறப்பிலேயே அப்படி.

"முதல்ல வெறுந்தாளை வைங்க. அது எப்படி இருக்குன்னு கேளுங்க. அப்புறம் மருந்துத் தாள். கசக்குதுன்னு சொல்றவங்க நெஜமாவே சொல்றாங்களான்னு அப்பத்தான் தெரியும்" என்றார். "அப்பா, அம்மா, பிள்ளைங்க. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கசப்பு தெரியாதவங்களைக் கறுப்பா நிரப்புங்க. யாராவது வீட்டுக்குப் போகாம விடுதியில உட்கார்ந்து கதை எழுதினீங்கன்னா எனக்குத் தெரிஞ்சிடும். கதைக்குப் பூஜ்யம். பூஜ்யம் வாங்கினா அடுத்த வருஷம் இதே பாடம், இதே பெஞ்சு."

அடுத்த வருஷம் நான் இந்த பெஞ்சில் இருக்கக் கூடாது. மூன்றாம் ஆண்டில் தேயிலைப் பண்ணைப் பயிற்சிக்கு எங்கள் துறையிலிருந்து நான்கு பேரை எடுப்பார்கள். எடுக்கப் போகும் நான்கில் நானும் ஒருவன் என்று பேச்சு. மரபியலில் விழுந்தால் அது அத்தோடு சரி.

அந்தச் சனிக்கிழமையே மடாட்டு வேன் பிடித்து நந்தி மலையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போனேன். எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்தேன். வெறுந்தாளுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மருந்துத் தாளுக்கு என் தங்கைகள் ஜெலிமோவும் செரோனோவும் வாசலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து என்னைத் திட்டினார்கள். எனக்கும் அப்படித்தான், குடல் வரைக்கும் கசந்தது. அம்மா இரண்டு தாளையும் மென்று பார்த்துவிட்டு, "என்னடா இருக்கு இதுல?" என்றாள். அப்பா, "காகிதம் காகிதம் மாதிரி இருக்கு. வேற எப்படி இருக்கணும்? இதைச் சொல்லிக் குடுக்கவா காலேஜு வச்சிருக்காங்க?" என்றார்.

ஞாயிறு விடுதிக்குத் திரும்பி வரைந்தேன். மேலே ஒரு சதுரம், ஒரு வட்டம், இரண்டும் கறுப்பு. கீழே ஒரு சதுரம், இரண்டு வட்டம், மூன்றும் வெள்ளை. கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

புதன்கிழமை டாக்டர் ஸுஹுரா தன் அறைக்குக் கூப்பிட்டார். என் நோட்டு மேசையில் திறந்து கிடந்தது.

"கதவைச் சாத்திட்டு உட்காரு. கசப்பு தெரியுறது ஓங்கு குணம். சரிதானே?"

"சரிதான் மேடம்."

"அப்ப, கசப்பு தெரியாதவங்க ரெண்டு பேருக்குப் பிறக்குற பிள்ளை?"

"தெரியாதவங்களாத்தான்..." பாதியில் என் வாய் நின்றது.

"அபூர்வமா ஒண்ணு தப்பும். மூணுக்கு மூணு தப்பாது" என்றார். பேனாவை மூடி வைத்தார். "ஈ கணக்குல நீ ஒருத்தன்தான் எண்ணினதை எழுதியிருந்தே. அதனால கூப்பிட்டுக் கேக்குறேன், இல்லேன்னா பூஜ்யம் போட்டுட்டுப் போயிருப்பேன். ஒண்ணு, நீ வீட்டுக்கே போகலை. இல்லேன்னா..." கொஞ்சம் தயங்கினார். "இது எல்லா ஊர்லயும் நடக்குறதுதான் கிமாயோ. எனக்குத் தெரிய வேண்டாம். அப்பா இருக்குற இடத்துல 'யாரென்று தெரியாது'ன்னு எழுதிட்டு வா. மார்க் போட்டுடறேன்."

அவர் நல்லதற்குத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. என் அம்மாவை இதைவிட நாகரிகமாக யாராலும் கேவலப்படுத்த முடியாது. "எங்க அம்மா அப்படிப்பட்டவங்க இல்ல மேடம்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"அப்ப திங்கட்கிழமை வரைக்கும் டைம். திரும்பப் போய்ச் சோதனை பண்ணு. திங்கட்கிழமை எல்லாரும் போர்டுல வரைஞ்சு விளக்கணும், நீயும்தான்."

சங்கதியைச் சொல்லிவிடுகிறேன். என் அப்பா பெண்ணாகப் பிறந்தவர். ஒருவருக்கு மனைவியாக வாழ்ந்து, பிள்ளையில்லாமல், அவர் செத்த பிறகு, அந்த வீட்டுக்கு வாரிசு வேண்டுமென்று மாடு கொடுத்து என் அம்மாவை முறைப்படி கல்யாணம் செய்தவர். எங்கள் மலையில் இது புதிதல்ல. அன்றிலிருந்து அவர் ஆண். அடுப்படிக்குள் போவதில்லை, தண்ணீர் சுமப்பதில்லை, ஆண்களோடு உட்கார்ந்துதான் சாப்பிடுவார். பெரியவர்களான ஆண்களைக் கூப்பிடும் சொல்லால் ஊரே அவரை 'போயோ' என்றுதான் கூப்பிடும். எங்களைப் பெறுவதற்கு அம்மாவிடம் வந்துபோன ஆள் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள், நாங்களும் கேட்டதில்லை. அந்த ஆளுக்கு எங்கள் மேல் பாத்தியதை கிடையாது. நாங்கள் போயோவின் பிள்ளைகள். முடிந்தது.

எனக்கு இது அவ்வளவு பழகிய விஷயம், வரைபடம் போடும்போது மண்டையில் உறைக்கவே இல்லை. அப்பா என்றதும் கை தானாகச் சதுரம் போட்டது. மரபியல் படிக்கிற மடையன் வேறு யாராவது இப்படிச் செய்வானா?

சதுரத்தை அழித்து வட்டம் போட்டால் ஒரு நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் எங்கள் மலைப் பையன்கள் மூன்று பேர் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், வாயைத் திறக்க மாட்டார்கள். போயோவைப் பெண் என்று சொல்வது எங்கள் பக்கம் வாயில் வரக் கூடாத பேச்சு. சொந்த மகனே கரும்பலகையில் வட்டம் போட்டு நிற்கிறான் என்றால் அன்று சாயங்காலமே செய்தி மலையேறிவிடும். செத்துப்போனவரின் அண்ணன் பிள்ளைகள் எங்கள் நிலத்தை ஒட்டித்தான் இருக்கிறார்கள். 'பொம்பளை வீடு, வாரிசு இல்லாத வீடு' என்று சொல்ல இருபது வருஷமாகக் காத்திருக்கிறார்கள். நிலம் கிடக்கட்டும். எழுபத்தேழு வயதில் அப்பா காதில் அது விழ வேண்டுமா? என் கையாலா?

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்னொரு கோளாறும் ஆரம்பித்தது. சாப்பாட்டுக் கடையில் மணத்தக்காளிக் கீரையை வாயில் வைத்து யாராவது முகம் சுளித்தால் நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் மூவருக்கும் அந்தக் கசப்பைக் கொடுத்தவன் எங்கோ இருக்கிறான் அல்லவா. பார்த்த மறுகணமே எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. வெள்ளிக்கிழமை சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் ஊருக்குப் போனேன். அப்பா தோட்டத்து முள்கம்பி வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். தொப்பி, பழைய கோட்டு, வாயில் நாலு ஆணி.

"போன வாரம்தானே வந்துட்டுப் போன? படிப்பு முடிஞ்சிடுச்சா?"

"அந்தக் காகிதத்தைத் திரும்ப வச்சுப் பாக்கணும்பா."

"வச்சாச்சே. ஒரு காகிதத்தை ஒரு மனுஷன் எத்தனை தடவை தின்கிறது?"

வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று கோத்து வைத்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. "பிள்ளைங்க மூணு பேருக்கும் கசக்குதுல்ல. அப்ப உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்காவது கசந்திருக்கணுமாம். கசக்கலேன்னா கணக்கு உதைக்குதுன்னு மேடம் சொல்றாங்க."

"உதைச்சா?"

"நான் உங்க பிள்ளை இல்லேன்னு ஆகுதுப்பா."

சுத்தியல் நின்றது. வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கோட்டுப் பையில் போட்டார்.

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. கணக்கு சொல்லுது."

"உங்க அம்மா வீட்டுக்கு மாட்டை ஓட்டிக்கிட்டுப் போனது நான். நீ பொறந்தப்போ பேரு வச்சது நான். அந்தக் கணக்கை உங்க மேடம் படிக்கலையா?"

அம்மா மூன்று குவளை டீயோடு வந்து நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள் என்று முகத்திலேயே தெரிந்தது. எனக்கு அழுகை முட்டியது. இருபது வயதுக்காரன், ஆணாக்கும் தீட்சை முடிந்தவன், வேலியோரம் நின்று அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"கொண்டா அதை" என்றார் அப்பா.

உறையைப் பிரித்தேன். வெறுந்தாளை முதலில் எடுத்து, மருந்துத் தாளை இடக்கையில் தயாராக வைத்துக்கொண்டேன். "முதல்ல இது..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் வலக்கையிலிருந்த வெறுந்தாளைப் பிடுங்கி நாக்கில் வைத்துக்கொண்டார்.

அப்பா முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. மாடு மிதித்து இரண்டு கால்விரல் நசுங்கியபோதும் பார்த்ததில்லை. பதினாலு வயதில் எனக்கு விருத்தசேதனத் தீட்சை நடந்தபோது அவர் ஆண்களோடு வந்து நின்றார். கத்தி வைப்பதற்கு முன்னால் என் காதில், "மூஞ்சியில ஒரு மடிப்பு விழுந்தா நான் உன் அப்பன் இல்ல" என்றார். விழவில்லை. எங்கள் மலையில் ஆண் என்றால் அவ்வளவுதான், முகம் அசையக்கூடாது.

அந்த முகம் இப்போது சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடினார். உதடு கோணிற்று. தலையை உலுக்கி, தாளைத் துப்பி, கோட்டுக் கையால் வாயைத் துடைத்தார். மனைவி முன்னால், மகன் முன்னால்.

"கசக்குது" என்றார். "நல்லாவே கசக்குது. அன்னைக்குச் சளி பிடிச்சிருந்துச்சு, தெரியலை. எழுதிக்கோ."

நீல நுனித் தாள் என் இடக்கையில்தான் இருந்தது. அம்மா என் கையைப் பார்த்தாள், கீழே கிடந்த வெள்ளைத் துண்டைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"எனக்கும் கசக்குதுன்னு எழுதிக்கோயேன்" என்றாள்.

"நீ சும்மா இரு. ஒருத்தருக்குக் கசந்தா போதும்னு அவன்தான் சொல்றானே."

மருந்துத் தாளை உறைக்குள் போட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். டீயைக் குடித்தேன். ஆணி முடியும் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நெகேசாவிடம் விஷயத்தைப் பாதி சொன்னேன். அப்பா வெறுந்தாளைக் கசக்கிறது என்றார் என்ற அளவுக்கு மட்டும்.

"இதுல என்ன யோசனை? கசக்குதுன்னாரா இல்லையா? கசப்பு தெரிஞ்சவர்னு எழுது. கறுப்பை அழி. எல்லாம் பொருந்திடும். நீ தேயிலைக்குப் போ, நானும் நிம்மதியா இருப்பேன்."

"அது பொய்."

"அந்த மனுஷன் உனக்காகச் சொன்னதுடா. அவரே சொன்னப்புறம் உனக்கு என்ன?"

நியாயமான பேச்சுதான். பேனாவை எடுத்தேன். அவர் எனக்காக முகத்தைக் கொடுத்தார், நான் அவருக்காக ஒரு வரி பொய் எழுதக்கூடாதா? எழுதலாம். ஆனால் எழுதிவிட்டால், அந்த வேலியோரத்தில் நடந்தது நடக்காமல் போய்விடும். கசந்தது, சுளித்தார் என்று ஆகிவிடும். யாருக்கும் வருவதுதானே, அதில் என்ன இருக்கிறது? அவருக்குக் கசக்கவில்லை. அதுதான் விஷயமே. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதினேன்.

திங்கட்கிழமை என் முறை வந்தது. போர்டில் பழைய படத்தையே வரைந்தேன். சதுரம், வட்டம், இரண்டையும் சாக்பீஸால் தீற்றி நிரப்பினேன். எங்கள் மலைப் பையன்கள் மூவரும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்டர் ஸுஹுரா நோட்டைப் பார்த்தார். "அதே படம்தானே?" என்றபடி பக்கத்தைத் திருப்பினார். பிறகு உரக்கப் படித்தார். "'தந்தை. முதல் சோதனை: வெறுந்தாள், சுவையில்லை என்றார். மருந்துத் தாள், சுவையில்லை என்றார். இரண்டாம் சோதனை: வெறுந்தாள், கசக்கிறது என்றார். மருந்துத் தாள், கொடுக்கப்படவில்லை.'"

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள்.

"வெறுந்தாள்ல ஒண்ணும் கிடையாது கிமாயோ."

"தெரியும் மேடம்."

"அது கசக்காது."

"கசக்காது மேடம்."

"அப்புறம் எதுக்கு உங்க அப்பா கசக்குதுன்னு சொன்னார்?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது, சளி, வயசு என்று. வாயைத் திறந்தால் வேறு வந்தது.

"அவருக்குக் கசந்தாத்தான் நான் அவர் பிள்ளைன்னு நான்தான் சொன்னேன் மேடம். அதனால சொன்னார்."

சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். டாக்டர் ஸுஹுரா நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மருந்துத் தாளை ஏன் குடுக்கல?"

"அதுக்கு மேல அவரை முகம் சுளிக்க வைக்க எனக்கு மனசு வரல."

அவர் எழுந்து போர்டுக்கு வந்தார். அவர் கையில் டஸ்டரைப் பார்த்ததும் சதுரத்தை அழிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். டஸ்டரை வைத்துவிட்டு, சுட்டுவிரலால் சதுரத்துக்குள் இருந்த தீற்றலை மட்டும் துடைத்தார். நான்கு கோடும் அப்படியே நின்றன. பக்கத்தில் 'சோதனை முடிவில்லை' என்று எழுதினார்.

"ஒரே ஆள் ரெண்டு விதமாச் சொன்னா அந்த ஆளை வச்சு முடிவு எடுக்கக் கூடாது" என்று வகுப்பைப் பார்த்துச் சொன்னார். "குறிச்சுக்குங்க. அப்பாவோட குணம் தெரியலை. அதனால இந்தப் படத்துல தப்பு இருக்குன்னு சொல்ல முடியாது. சரின்னும் சொல்ல முடியாது." என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினார். "இருபதுக்குப் பதினொண்ணு. முடிவே இல்லாத சோதனைக்கு அதுக்கு மேல குடுக்க முடியாது."

"போதும் மேடம்."

எங்கள் மலைப் பையன்களில் ஒருவன் நான் உட்காரும்போது நகர்ந்து இடம் விட்டான். நெகேசா எதுவும் சொல்லவில்லை; அவளுக்கு அது பெரிய விஷயம்.

மதியம் அம்மாவின் போனுக்கு அடித்தேன். எடுத்தது அப்பா. அவர் போனை எடுக்கிற ஆளே இல்லை.

"ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கப்பா."

"ஒத்துக்காம என்ன?" என்றார். பிறகு, "அந்தக் கசப்பு இன்னும் நாக்கை விட்டுப் போகலைடா. என்னத்தையெல்லாம் காகிதத்துல தடவுறாங்க" என்றார்.

"ரொம்பக் கசப்புப்பா அது" என்றேன்.